கொழுந்தும் டாலரும்

கோத்தகிரிக்குக் கீழே, தெரிந்த அண்ணன் ஒருவரின் தேயிலைத் தோட்டத்தில் இன்று காலை கொழுந்து வெட்டும் இயந்திரத்தின் பேட்டரியைக் கழற்றிக் கையில் கொடுத்தார்கள்.

இலைச்சாறு படிந்து கறுத்திருந்த அதன் அடிப்பக்கத்தில் சீன எழுத்துகள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. அந்தக் கொழுந்தை வாங்கும் தொழிற்சாலைக்காரரோ, ஏற்றுமதிப் பேச்சு வந்தால் டாலர் மதிப்பைத்தான் முதலில் விசாரிக்கிறார்.

அமெரிக்காவுக்குச் சீனா ஈடாகுமா என்ற கேள்விக்கு, இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் விடை சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன்.

உலகின் தொழிற்சாலை உற்பத்தியில் ஏறத்தாழ 30 விழுக்காடு இன்று சீனாவிடம் இருக்கிறது. பனிப்போர்க் காலத்துச் சோவியத் ஒன்றியத்துக்கு இந்த வலிமை ஒருபோதும் வாய்த்ததில்லை. ஆனால் உலக நாடுகளின் மத்திய வங்கிகள் வைத்திருக்கும் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் பாதிக்கும் மேல் டாலராக இருக்க, சீன நாணயமான யுவானின் பங்கு 3 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. பணம் நாட்டைவிட்டுத் தாராளமாக வெளியேறப் பெய்ஜிங் அனுமதிக்காதவரை, பிறர் தம் சேமிப்பை யுவானில் வைக்கத் தயங்கத்தான் செய்வார்கள்.

போதாக்குறைக்கு, 2022 முதல் சீன மக்கள்தொகையும் குறைந்து வருகிறது.

அதற்காகச் சீனாவைக் குறைத்து மதிப்பிடுவதும் பிழை. 2025 ஏப்ரலில் அது, மின்மோட்டார் காந்தங்கள் போன்றவற்றுக்குத் தேவையான அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கடிவாளமிட்டது. அடுத்த மாதமே அமெரிக்காவும் சீனாவும் ஒன்றன்மீது ஒன்று விதித்திருந்த இறக்குமதி வரிகளைக் குறைக்க உடன்பட்டன.