நாளைக்கு என்றான் பார்வோன்

அம்மாவுக்கு அந்தப் படத்தில் பிடிக்காமல் போனது ஒன்றே ஒன்றுதான். தவளைகள் மேலிருந்து விழுந்தது.

2014 சித்திரை வருடப்பிறப்பு விடுமுறை. கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு. மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து நானும் அம்மாவும் ‘மக்னோலியா’ பார்த்தோம். 1999இல் பால் தோமஸ் அண்டர்சன் எடுத்தது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். நடுவில் அம்மா இரண்டு தரம் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டார். லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் ஒரே நாளில் பல பேருடைய கதை. சாகக் கிடக்கும் தகப்பன், அவரை மன்னிக்க முடியாத மகன். புற்றுநோய் வந்த டிவி அறிவிப்பாளர், அவர் முகத்தில் முழிக்கவே மறுக்கும் மகள். எல்லோருக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டிய ஒரு சொல் இருக்கிறது. சொல்லாமலே பொழுது போகிறது.

கடைசிக்குக் கிட்ட, இரவில், ஒரு பொலிஸ்காரர் காரில் போகிறார். முன் கண்ணாடியில் பொத்தென்று ஒரு தவளை. அவர் பிரேக் போடுவதற்குள் வானமே தவளையாகக் கொட்டத் தொடங்குகிறது. கூரையில், தெருவில், நீச்சல் குளத்தில். தகரக் கூரையில் தேங்காய் விழுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்தச் சத்தம் நிற்காமல் கேட்டால் எப்படி இருக்கும், அப்படி.

அம்மா படத்தை நிறுத்தச் சொன்னார். உள்ளே போய்த் தன் பழைய வேதாகமத்தைக் கொண்டுவந்தார். மட்டை கழன்று, நாடா கட்டி வைத்திருக்கும் புத்தகம்.

“மோசேயின்ர தவளை வானத்திலயிருந்து வரேல்ல பிள்ளை. ஆத்திலயிருந்து ஏறி வந்தது.”

அம்மா சொன்னது சரி. படம் முழுக்க 8, 2 என்ற இரண்டு எண்களையும் ஒளித்து வைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் வரும் வானிலை அறிவிப்பில் மழைக்கு 82 வீதம் வாய்ப்பு. வினாடி வினா நிகழ்ச்சியில் பார்வையாளர் ஒருவர் பிடித்திருக்கும் அட்டையில் வசன எண்ணே இருக்கிறது: யாத்திராகமம் 8:2. அடிமைகளாக வைத்திருக்கும் இஸ்ரவேல் ஜனங்களைப் போகவிடாவிட்டால் உன் எல்லை முழுவதையும் தவளைகளால் வாதிப்பேன் என்று எகிப்து மன்னன் பார்வோனுக்குக் கடவுள் மோசே மூலம் சொன்ன இடம். ஆனால் வேதத்தில் தவளை நைல் நதியிலிருந்து புறப்படுகிறது. வீட்டுக்குள் வருகிறது, படுக்கையறைக்கு வருகிறது, படுக்கையில் ஏறுகிறது, அடுப்புக்குள்ளும் மா பிசைகிற தொட்டிக்குள்ளும் போகிறது. மா பிசைகிற தொட்டியைச் சொன்னபோது அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். இடியப்பத்துக்கு மாக் குழைக்கிற ஒருவருக்கு அந்த வசனம் எப்படிப் படும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பார்வோனின் மந்திரவாதிகளும் தங்கள் வித்தையைக் காட்டுகிறார்கள். அவர்களால் இன்னும் தவளைகளை வரவைக்கத்தான் முடிந்தது. ஒன்றையாவது போகச் செய்ய முடியவில்லை.

அடுத்த இடத்தில் அம்மா விரலை வைத்து நிறுத்தினார். பார்வோன் தாங்க முடியாமல் மோசேயைக் கூப்பிடுகிறான். தவளைகள் எப்போது ஒழிய வேண்டும், நீயே சொல் என்கிறார் மோசே. அவன் சொன்ன பதில் ஒரே சொல். நாளைக்கு.

“அண்டைக்கே போகச் சொல்லியிருக்கலாம். இன்னுமொரு ராத்திரி தவளையோட படுக்கச் சம்மதிச்சவன்,” என்றார் அம்மா. சிறுமியாக இருந்தபோது ஒரு ஞாயிறு ஆராதனையில் இதைப் பிரசங்கமாகக் கேட்டாராம். இத்தனை வருடம் மறக்கவில்லை.

வேதத்தில் மேலிருந்தும் உயிர்கள் விழுந்திருக்கின்றன. வனாந்தரத்தில் இறைச்சிக்கு அழுத ஜனங்களுக்காகக் காற்று கடலிலிருந்து காடைகளை அள்ளி வந்தது. 78ஆம் சங்கீதம் அதை மழை என்றே பாடுகிறது: இறைச்சி தூசியைப் போலவும், பறவைகள் கடற்கரை மணலைப் போலவும் பொழிந்தன. ஆனால் எண்ணாகமத்தைப் படித்தால் வயிறு கலங்கும். இறைச்சி பல்லிடையே இருக்கும்போதே வாதை வந்தது. ஆசைப்பட்டவர்களைப் புதைத்த இடத்துக்கு அந்த ஆசையின் பெயரையே வைத்தார்கள். கேட்டதைக் கொட்டிக் கொடுப்பதும் தண்டனையாகலாம் என்பது தவளைக் கதையைவிட என்னைப் பயமுறுத்துகிறது.

அப்பா சைவம். அவர் இருந்திருந்தால் அன்று இரவு பேச்சு உறையூருக்குப் போயிருக்கும். எண்பதுகளில் இரண்டு வருடம் திருச்சியில் இருந்தவர். உறையூர் மண்மாரி பெய்து அழிந்த கதையையும், வெக்காளியம்மன் கோயிலில் அம்மனுக்கு மேலே கூரை இல்லாததையும் நூறு தரம் சொல்லியிருப்பார். வீடிழந்த சனங்களுக்குக் கூரை கிடைக்கும்வரை எனக்கும் வேண்டாம் என்று அம்மன் வெயிலிலும் மழையிலும் இருக்கிறாளாம். இடம்பெயர்ந்து போயிருந்த ஒரு மனிதர் அந்தக் கோயிலில் நின்று என்ன நினைத்திருப்பார் என்று அவர் இருக்கும்போதே நான் கேட்டிருக்க வேண்டும்.

நம் பக்கத்துக் கதைகளில் நல்லது நடந்தால் பூமாரி, கெட்டது வருகிறதென்றால் இரத்த மழை. வால்மீகி இராமாயணத்தில் அரக்கன் கரனின் படை புறப்படும்போது மேகம் இரத்தம் பொழிகிறது. பழங்காலச் சோதிடர் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதை என்ற நூலில் இவற்றுக்குப் பலனே எழுதியிருக்கிறார்: இரத்தம் பெய்தால் போர், இறைச்சியும் எலும்பும் பெய்தால் கொள்ளைநோய். தமிழிலோ மாரி என்றால் மழை, மாரி என்றால் அம்மை போடுகிற தெய்வம். மேலிருந்து வருவது எதுவாக இருக்கும் என்ற பயமும் நம்பிக்கையும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன.

இதெல்லாம் உண்மையில் நடக்குமா என்றால், நடக்கிறது. கடலிலோ குளத்திலோ எழும் சுழல்காற்று மேலோட்டமாக நீந்தும் சின்ன உயிர்களைத் தண்ணீரோடு தூக்கி, வலுக் குறையும் இடத்தில் போட்டுவிடும் என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். இப்படிப்பட்ட செய்திகளைப் பத்திரிகைகளிலும் அறிவியல் இதழ்களிலும் தேடித் தேடிச் சேர்த்தவர் அமெரிக்கரான சார்ல்ஸ் போர்ட். 1919இல் புத்தகமாகவே போட்டார். படத்தில் அந்த வினாடி வினாவில் போட்டியிடும் கெட்டிக்காரச் சிறுவனின் மேசையிலும் அவர் புத்தகம் கிடக்கிறது. விழுந்ததாகச் சொல்லப்படும் எல்லாமே விழுந்ததும் இல்லை. 1861இல் சிங்கப்பூரில் நிலநடுக்கமும் பெருமழையும் வந்த பிறகு தெருத் தண்ணீரில் சனங்கள் கூடை கூடையாக மீன் அள்ளினார்கள். வானத்திலிருந்து விழுந்தது என்றார்கள். அங்கிருந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் காஸ்டெல்நோ அவை தரையில் ஊர்ந்து போகக்கூடிய கெளுத்தி வகை என்று கண்டார். அம்மா சொன்ன மாதிரி, ஏறி வந்தவை.

சரி, படத்துக்கு வருகிறேன். அன்று மிச்சத்தைப் பார்த்து முடித்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. தவளை மழையைத் தண்டனை என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அந்த அறிவிப்பாளரின் மனைவி கொட்டுகிற தவளைகளுக்கு நடுவே காரை ஓட்டிப் போகிறாள். கார் வழுக்கி மோதுகிறது. இறங்கி ஓடுகிறாள். மகளின் வீட்டுக்குள் போய் இருவரும் தரையில் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். முதல் நாள் அந்தத் தாய் போகவில்லை, அடுத்த நாளும் போயிருக்க மாட்டாள். அந்தச் சிறுவனும் தவளை மழை ஓய்ந்த பிறகுதான் தூங்கும் தகப்பனை எழுப்பி, நீங்கள் என்னிடம் இன்னும் அன்பாக இருக்க வேண்டும் என்று சொல்கிறான். பார்வோனுக்கு ‘நாளைக்கு’ என்று சொல்ல இடம் கிடைத்தது. படத்தில் இருப்பவர்களிடமிருந்து அந்தச் சொல்லைத் தவளைகள் பிடுங்கிவிடுகின்றன.

இதை நான் அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாடாவைக் கட்டி வேதாகமத்தை உள்ளே கொண்டுபோனார்.

அம்மாவும் பெரியம்மாவும் 2005இலிருந்து கதைப்பதில்லை. ஊர்க் காணிக்கு ஒரு கையெழுத்து. யார் பக்கம் பிழை என்று இப்போதும் எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன். பெரியம்மா கலியாணம் கட்டிப் போனது சிலாபத்துக்கு. இங்கிருந்து பஸ்ஸில் அரை நாள் கூட ஆகாது. என் அண்ணாவின் கலியாணத்துக்கு அவர் வரவில்லை. அவர் கணவர் செத்தபோது அம்மா போகவில்லை.

படம் பார்த்து மூன்று கிழமை இருக்கும். மே மாதத் தொடக்கம். இரவுச் செய்தியில் சிலாபம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மீன் மழை என்றார்கள். கூரையில் சத்தம் கேட்டுச் சனங்கள் வெளியே வந்திருக்கிறார்கள். தெருவில், வயலில், முற்றத்தில் மீன். மொத்தம் 50 கிலோ வரை பொறுக்கினார்களாம். சிலது உயிரோடு இருந்ததால் வாளியில் விட்டார்களாம். ஒவ்வொன்றும் 5 முதல் 8 சென்டிமீட்டர். அதற்கு இரண்டு வருடம் முந்தித் தெற்கில் இறால் விழுந்ததையும் ஞாபகப்படுத்தினார்கள்.

“அக்கா வீட்டுப் பக்கமோ?” என்றார் அம்மா.

“எடுத்துக் கேளுங்கோவன்.”

“நேரமாச்சு. நாளைக்குக் கேப்பம்.”

நான் வாயைத் திறக்கவில்லை. டிவியில் விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிப் போய், ஃபோன் நம்பர் எழுதி வைக்கும் சின்னக் கொப்பியைத் தேடி எடுத்தார். கண்ணாடி இல்லாமல் எண்ணை வாசிக்க முடியவில்லை, என்னிடம் நீட்டினார். எண்ணை அழுத்திக் கொடுத்தேன்.

“அக்கா, நான்தான்.”

அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று தெரியாது. அம்மா மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விட்டபடி நின்றார். பிறகு, “உங்க மீன் விழுந்ததாமே?” என்று கேட்டார்.

இருபது நிமிடம் மீனைப் பற்றியே கதைத்தார்கள். பெரியம்மா வீட்டு முற்றத்தில் ஒன்றும் விழவில்லை. அந்தக் கிராமத்துக்குப் போய் வந்த பக்கத்து வீட்டுப் பொடியன் ஒரு வாளியில் நாலைந்து கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். இரண்டு விரல் நீளம், வெள்ளை வயிறு. பொரிச்சனீங்களோ என்று அம்மா கேட்டார். மேலிருந்து போட்டதை எப்படிப் பொரிக்கிறது, கிணற்றுக்குள் விட்டுவிட்டேன் என்றாராம் பெரியம்மா. காணிக் கதை வரவேயில்லை.

அடுத்த நாள் காலை, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பதற்கு முதலே அம்மா மறுபடி எடுத்தார். மீன்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று கேட்க.