குழாயைப் பார்த்து வாங்கினேன், மவுண்ட்டைப் பார்த்திருக்க வேண்டும்

நேற்று ராத்திரிதான் முதல்முறையாகப் படத்தின் நான்கு மூலைகளிலும் நட்சத்திரம் வட்டமாக விழுந்தது. இதற்குப் பதினான்கு மாதம் ஆகியிருக்கிறது. ஒரு தொலைநோக்கி வாங்கி, அது தோதுப்படாமல் இன்னொன்று வாங்கி, அதிலும் பாகம் குறைந்து அலைந்து, கடைசியில் இங்கே வந்து சேர்ந்திருக்கிறேன். மனசு லேசாகிவிட்டது, ஆனால் சில விஷயங்களை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. வீட்டுக்குப் பின்னால் நின்று வானம் பார்க்கவும் படம் எடுக்கவும் கணினி வைத்த ரிஃப்ராக்டர் (லென்ஸால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி) தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுக்கட்டும்.

ரிஃப்ராக்டர்தான் வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பம் இருந்ததில்லை. கண்ணாடிகளை அடிக்கடி நேர்ப்படுத்தும் வேலை கிடையாது, வெளியே வைத்த சிறிது நேரத்தில் தயாராகிவிடும், அகலமான வானப்பரப்பு ஒரே படத்தில் விழும். 102 மி.மீ. விட்டம், 660 மி.மீ. குவியத் தூரம், ஒற்றைக் கை வைத்த கோ-டு மவுண்ட் (குழாயைத் தாங்கி, சொன்ன பொருளை நோக்கித் தானே திருப்பும் அமைப்பு) என்று ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். விற்றவரிடம், "இதில் படமும் எடுக்கலாமா?" என்று கேட்டேன். "தாராளமா எடுக்கலாம் சார், கேமரா மாட்ட வளையம் இருக்கு" என்றார்.

அவர் சொன்னது முழுப் பொய் இல்லை. நிலாவை எடுக்கலாம். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: "இந்த மவுண்ட்டில் கேமராவை எத்தனை விநாடி திறந்து வைக்கலாம், ஓரத்து நட்சத்திரம் இழுபடாமல்?" இதை மட்டும் கேட்டுப் பாருங்கள். உடனே பதில் சொல்பவரிடம் வாங்கலாம். பேச்சை மாற்றுபவரிடம் வேண்டாம்.

முதல் இரவு ஜனவரி 4. மவுண்ட்டை இயக்கும் கைக்கருவி தேதி கேட்டது. 04/01 என்று அடித்தேன். கிழக்கே சிரியஸ் பளிச்சென்று எழுந்துகொண்டிருக்கிறது, அதைக் காட்டு என்றால் குழாய் மேற்கே போய் நிற்கிறது. திரும்ப அணைத்து, திரும்பப் போட்டு, வடக்கைத் திரும்பப் பார்த்து வைத்து, இரண்டு மணி நேரம் போயிற்று. மோட்டார் பழுது என்றே முடிவு கட்டிவிட்டேன். காரணம் இதுதான்: பல கைக்கருவிகள் மாதத்தைத்தான் முதலில் கேட்கின்றன. நான் அடித்ததை அது ஏப்ரல் 1 என்று எடுத்துக்கொண்டு, ஏப்ரல் வானத்தில் சிரியஸ் இருக்க வேண்டிய இடத்துக்குச் சரியாகவே போயிருக்கிறது. தேதி 12-ஐத் தாண்டியிருந்தால் அப்படி ஒரு மாதமே இல்லை என்று அதுவே மறுத்திருக்கும். மாதத் தொடக்கத்தில் முதல்முறை பயன்படுத்துபவர்கள் கவனம். கோடைகால நேரம் உண்டா இல்லையா என்று கேட்கும் இடத்தையும் பாருங்கள். அங்கே தவறினால் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்; வானத்தில் அது 15 பாகை.

மறுநாள் தேதி சரி, நேரம் சரி. அடுத்தது சீரமைப்பு: தெரிந்த இரண்டு நட்சத்திரத்தை நடுவில் கொண்டுவந்து கருவிக்குக் காட்ட வேண்டும். முதல் நட்சத்திரம் ஆல்டிபரான், அதாவது நம் ரோகிணி, பிசகில்லாமல் அமைந்தது. இரண்டாவதாகப் பொலக்ஸ். புனர்பூசம்தானே என்று மையத்தில் கொண்டுவந்து பொத்தானை அழுத்தினேன். தோல்வி என்றது. இன்னொரு தடவை, அதே தோல்வி. புனர்பூசம் என்று நாம் இரண்டு நட்சத்திரத்தைச் சேர்த்துச் சொல்கிறோம். கருவிக்குக் காஸ்டர் வேறு, பொலக்ஸ் வேறு. இடையில் நாலரைப் பாகை தூரம். நான் பிடித்தது காஸ்டரை. திருவாதிரை, ரோகிணி, மகம், சித்திரை, சுவாதி, கேட்டை ஆகியவை தனித்தனியாகப் பளிச்சென்று தெரிபவை. அவற்றுக்குக் கருவி வைத்திருக்கும் பெயர்கள் பீட்டல்ஜூஸ், ஆல்டிபரான், ரெகுலஸ், ஸ்பைக்கா, ஆர்க்டூரஸ், அன்டாரஸ். ஒரு தாளில் எழுதிக் கைக்கருவியின் முதுகில் ஒட்டிவிடுங்கள். இருட்டில் நிற்கும்போது இது பெரிய உதவி.

அதற்கப்புறம் பேட்டரி. எட்டு ஏஏ பேட்டரி போட்டால் போதும் என்று பெட்டியில் இருந்தது. வேகமாகத் திரும்பும்போது மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும், மின்னழுத்தம் இறங்கும், கருவி தானாக அணைந்து மறுபடி தொடங்கும், அதுவரை செய்த சீரமைப்பு அத்தனையும் போய்விடும். ஒரே இரவில் மூன்று முறை இப்படி ஆனது. 12 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று வாங்கியபின் அந்தத் தொல்லை அடியோடு நின்றது. தொலைநோக்கியோடு சேர்த்தே இதற்கும் காசு ஒதுக்கிவிடுங்கள்.

கண்ணால் பார்த்தவரை அந்தக் குழாய் அருமை. கேமரா மாட்டிய இரவில்தான் உண்மை தெரிந்தது. முதலில் குவியவே இல்லை. ஃபோகஸரை முழுக்க வெளியே இழுத்தும் நட்சத்திரங்கள் தட்டுத் தட்டாகவே இருந்தன. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) பார்க்கும்போது இடையில் இருந்து ஒளியைத் திருப்பிவிடும் டயகனல், ஒளி செல்லும் பாதையில் ஒரு நீளத்தை எடுத்துக்கொள்கிறது. அதைக் கழற்றிவிட்டு நேராகக் கேமராவை மாட்டினால் அந்த நீளத்தை வேறு வழியில் ஈடு கட்ட வேண்டும். 50 மி.மீ. நீட்டிப்புக் குழாய் ஒன்று இருந்தால் தீரும் பிரச்சினை. விற்றவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பகலில் தூரத்து மரம் ஒன்றில் கேமராவைக் குவித்துப் பார்த்திருந்தால் ஒரு தெளிந்த இரவு வீணாகியிருக்காது.

நீட்டிப்புக் குழாய் வந்தது. ஓரியன் நெபுலாவை 30 விநாடி எடுத்தேன். நடுவில் நட்சத்திரங்கள் புள்ளியாக இருக்க, ஓரத்தில் எல்லாம் வில்லாக வளைந்திருந்தன. ஒற்றைக் கை மவுண்ட் மேலும் கீழும் பக்கவாட்டிலும் மட்டுமே நகரும். நடுவில் இருப்பதை அது பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் பூமி சுற்றச் சுற்ற வானம் அந்த நடுப்புள்ளியைச் சுற்றி மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். தலைக்கு மேலே போகப் போக இந்தச் சுழற்சி வேகமாகும். நேர் கிழக்கிலும் நேர் மேற்கிலும் மிகக் குறைவு. இந்த வகை மவுண்ட் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். கிழக்கிலோ மேற்கிலோ இருப்பதை எடுங்கள், 10 விநாடிக்கு மேல் போகாதீர்கள், நூறு இருநூறு படம் எடுத்து மென்பொருளில் அடுக்குங்கள். படத்துக்குப் படம் உள்ள சுழற்சியை அது சரிசெய்துவிடும், ஓரம் மட்டும் கொஞ்சம் வெட்டுப்படும்.

சிரியஸைச் சுற்றி ஊதா வளையம் வேறு. இரண்டு லென்ஸ் வைத்த சாதாரண அக்ரோமேட் எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிக்காது. குவிய விகிதம் (குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தால் வருவது), அங்குலக் கணக்கில் உள்ள விட்டத்தைப் போல் மூன்று மடங்காவது இருந்தால் ஊதா தொந்தரவு தராது என்று ஒரு பழைய கணக்கு உண்டு. என்னுடையது 4 அங்குலம். விகிதம் 12 இருந்திருக்க வேண்டும், இருந்ததோ 6.5. கண் ஓரளவு மன்னித்துவிடும், கேமரா மன்னிக்காது.

திருப்பிக் கொடுக்கப் போனேன். பெட்டி பிரித்தாயிற்று, எடுக்க முடியாது என்றார்கள். பிரிக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. திருப்பி எடுக்கும் நிபந்தனையை வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தத் தொலைநோக்கி இப்போதும் வீட்டில் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் அதில்தான் சனியின் வளையம் பார்த்தார்கள், அந்த வகையில் அதன் மேல் குறையில்லை.

இரண்டாவது முறை மவுண்ட்டிலிருந்து தொடங்கினேன். நீண்ட நேரப் படத்துக்கு ஈக்வடோரியல் மவுண்ட்தான். அதன் ஓர் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்பதால் படம் சுழலாது. தாங்கும் எடை என்று அவர்கள் எழுதியிருப்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், படத்துக்கு அதில் பாதி. என் குழாய், வளையங்கள், கேமரா, வழிகாட்டிக் குழாய் (ஒரு நட்சத்திரத்தைக் கண்காணித்து மவுண்ட்டைத் திருத்த உதவும் சின்னத் தொலைநோக்கி) எல்லாம் சேர்த்து ஐந்தரைக் கிலோ வந்தது, ஆகவே 13 கிலோ தாங்கும் மவுண்ட். செலவில் பெரும்பகுதி இதற்கே போயிற்று, அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

அதற்கு மேல் வைக்கக் குழாய் சின்னதாக இருந்தால் போதும் என்று தைரியம் வந்தது: 80 மி.மீ. விட்டம், 480 மி.மீ. குவியத் தூரம், மூன்று லென்ஸ், அதில் ஒன்று நிறப்பிழையைக் குறைக்கும் எஃப்பிஎல்-53 கண்ணாடி. ஈடி (நிறச் சிதறல் குறைவான கண்ணாடி) என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தக் கண்ணாடி என்று கேளுங்கள். எஃப்பிஎல்-51-உம் ஈடிதான், ஆனால் நிறப்பிழையை அடக்குவதில் 53 ஒரு படி மேல். மூன்று லென்ஸ் என்பதால் எடை கொஞ்சம் கூடுதல், இரவுக் குளிருக்கு ஒத்துவரவும் கூடுதல் நேரம் எடுக்கும். வாங்கும் முன் பார்வைப் பரப்பைக் கணக்குப் போட்டேன். 23.5 மி.மீ. அகலமுள்ள என் சென்சாருக்கு இந்தக் குழாய் 2.8 பாகை தருகிறது. பழையது 2 பாகைதான். ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் 3 பாகைக்கு நீண்டிருக்கிறது. மூலைவாட்டில் வைத்தால் இதில் அடங்கும், அதில் அடங்காது.

மவுண்ட் இரண்டு பெட்டியாக வந்தது. எதிர் எடை இல்லை. எதிர் எடை இல்லாமல் இந்த மவுண்ட்டில் குழாயை ஏற்றினால் மோட்டாருக்கும் பற்சக்கரங்களுக்கும் கேடு. தொலைபேசியில் கேட்டால், "பெட்டிக்குள்ளதான் இருக்கும், நல்லா பாருங்க சார்" என்றார் ஒருவர். ஐந்து கிலோ இரும்பு பெட்டிக்குள் ஒளிந்துகொள்ளாது. நேரில் போனேன். பொறுப்பாளர் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். இரண்டாம் முறை போகும்போது, பெட்டி பிரிப்பதை என் தம்பி எடுத்திருந்த வீடியோவைக் கையோடு கொண்டுபோனேன். காட்டிய பத்து நிமிடத்தில் உள்ளேயிருந்து எடை வந்தது! எந்தப் பெட்டியானாலும் பொருள் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீடியோ எடுத்தபடி பிரியுங்கள்.

துருவச் சீரமைப்பில், அதாவது மவுண்ட்டின் அச்சை வானத் துருவத்தை நோக்கி நிறுத்துவதில், இன்னொரு இடறல். வடக்கே எங்கள் வீட்டுச் சுவர். துருவ நட்சத்திரம் தெரியாது. மவுண்ட்டில் இருக்கும் துருவக் குழாய் அதனால் பயனில்லாமல் போயிற்று. துருவ நட்சத்திரம் தெரிந்தாலும் அது துருவத்திலேயே நிற்பதில்லை, முக்கால் பாகைக்குக் கொஞ்சம் குறைவாக விலகியிருக்கிறது. ஆகவே அதை நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். எனக்குக் கைகொடுத்தது மென்பொருள்தான். வானத்தில் தெரியும் பகுதியில் மூன்று இடத்தில் படம் எடுத்து, நட்சத்திர அமைப்பை வைத்து, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அதுவே சொல்லிவிடுகிறது. திருகாணியைத் திருப்புவது மட்டும் நம் வேலை. வடக்கு மறைந்த வீடு என்று இந்தப் பொழுதுபோக்கையே விட்டவர்கள் உண்டு. விட வேண்டியதில்லை. பிஎச்டி2 என்ற மென்பொருள் வைத்து வழிகாட்டுவது முதல் நாளே சரியாக அமைந்துவிட்டது.

அப்புறமும் ஓர நட்சத்திரங்கள் நடுவை நோக்கிக் கோடாக நீண்டிருந்தன. ஓரத்தையும் கூர்மையாக்கும் ஃபிளாட்னர் லென்ஸ் போட்டிருந்தும் இப்படி. லென்ஸ் பழுது என்ற பயத்தில் மூன்று வாரம் போனது. பழுது லென்ஸில் இல்லை, இடைவெளியின் அளவில் இருந்தது. என் ஃபிளாட்னருக்கும் சென்சாருக்கும் நடுவில் 55 மி.மீ. இருக்க வேண்டும். கேனன் டிஎஸ்எல்ஆர் கேமராவில் உள்ளேயே 44 மி.மீ. இருக்கும், கேமராவை மாட்டும் வளையமான டி-ரிங் 11 மி.மீ. போட்டால் கணக்கு முடிந்தது. என்னுடையது மிரர்லெஸ், உள்ளே 18 மி.மீ. மட்டும். எனக்கு விற்ற மெல்லிய வளையம் 11 மி.மீ. ஆக 29. இருபத்தாறு மி.மீ. குறைவு! அந்த அளவுக்கு இடைவளையங்கள் வாங்கிப் போட்டேன். டி-ரிங் வாங்கும்போது "என் கேமராவுக்குப் பொருந்துமா" என்று மட்டும் கேட்காதீர்கள், "மாட்டினால் மொத்தம் 55 வருமா" என்று கேளுங்கள்.

கேபிள்களையும் கட்டி வையுங்கள். எடுக்கும் பொருள் உச்சிக்கோட்டைத் தாண்டியபின், நள்ளிரவில் மவுண்ட் மறுபக்கம் புரளும்போது யுஎஸ்பி கேபிள் ட்ரைபாட் காலில் மாட்டி, கேமராவின் முனையையே வளைத்துவிட்டது. முதல் புரளலை விழித்திருந்து பாருங்கள்.

நேற்று ஓரியன் மேற்கே சாய்வதற்குள் 120 விநாடி வீதம் முப்பது படம் கிடைத்தது. ஒவ்வொன்றாகத் திறந்து மூலைகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வட்டம். நெபுலாவின் நடுவில் இருக்கும் ட்ரபீசியம் என்ற கூட்டத்தின் நான்கு நட்சத்திரங்களும் ஒளி வெள்ளத்தில் கரைந்துவிட்டன. அதற்குத் தனியாகச் சில விநாடிப் படங்கள் எடுக்க வேண்டும். இன்று சாயங்காலம் மேகம் இல்லை. பேட்டரி சார்ஜில் இருக்கிறது.