தாங்கியைக் கழற்ற முன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு வருகிற அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். “அண்ணை, பைக்கின்ர பெற்றோல் தாங்கியைக் கழற்றப் போறன். எந்த போல்ற் முதல்?” நான் உடனே போல்ற்றுக்குப் போவதில்லை. “உள்ளுக்கு எவ்வளவு பெற்றோல் கிடக்கு? எங்க வைச்சுக் கழற்றப் போறீர்?” என்று திருப்பிக் கேட்பேன். “பின்பத்தியில அண்ணை, அங்கதான் நிழல்” என்பார்கள். எங்கள் ஊர் வீடுகளில் பின்பத்திக்கு அடுத்தது குசினி.

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஒரு சின்னக் கராஜில் 1997இல் வேலை பழகச் சேர்ந்தேன். அப்போது ஓடியவை பெரும்பாலும் பழைய ஹொண்டாக்கள். சீடி 125, சீடி 200. 1990இல் போர்க்காலப் பொருளாதாரத் தடை வந்ததிலிருந்து அவை பட்ட பாட்டைத் தாங்கியைத் திறந்தால் மணத்திலேயே அறியலாம். பெற்றோல் இல்லாத அந்த ஆண்டுகளில் சனம் மண்ணெண்ணெயில்தான் மோட்டார் சைக்கிள் ஓடியது. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சின்னப் போத்தலில் பத்திரப்படுத்திய கொஞ்சப் பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வீதியெல்லாம் புகை. தாங்கியின் அடியிலும், பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றருக்குள்ளும் பிசின் போல மண்ணிறப் படிவு. நான் சேர்ந்த முதல் சில மாதங்கள் செய்த வேலையே தாங்கியைக் கழற்றுவதும் கழுவுவதும்தான்.

அந்த மண்ணெண்ணெய்க் காலம் எங்கள் கைகளுக்கு ஒரு பிழையான பழக்கத்தையும் தந்துவிட்டுப் போனது என்பதை நான் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். மண்ணெண்ணெய் நெருப்பை எட்டிப் பிடிக்கும் அளவுக்கு ஆவிவிட ஏறக்குறைய 38 பாகை செல்சியஸ் சூடாவது வேண்டும். பெற்றோலுக்குப் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையே போதும். அதாவது எங்கள் வெயிலில் மட்டுமல்ல, உலகத்தில் எந்தக் குளிரில் திறந்து வைத்தாலும் பெற்றோல் ஆவி விட்டபடியேதான் இருக்கும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரம். மேலே போகாது, நிலத்தோடு படர்ந்து பள்ளத்தில் தங்கும். பல ஆண்டுகள் மண்ணெண்ணெயைக் கையில் புழங்கிய சனம், பெற்றோல் திரும்பி வந்தபோது அதையும் அப்படியே புழங்கியது. நானும்தான்.

1998இல் ஒருநாள் கொக்குவிலில் ஒரு வீட்டுக்குத் தனியாகப் போனேன். ஸ்ரார்ட் வராத சீடி 125. தாங்கியைக் கழற்றி, பெற்றோலை ஒரு அகன்ற பேசினில் இறக்கிப் பத்தியில் வைத்துவிட்டுக் காபரேற்றரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பொழுது பட்டுவிட்டது. மின்சாரம் இல்லை. இருட்டுக்குள் நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருப்பதைக் கண்ட அந்த வீட்டு அம்மா, “தம்பி, இருட்டுக்குள்ள என்னெண்டு செய்வீர்” என்றபடி ஜாம் போத்தலில் எரியும் மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில் நிலத்தில் வைத்தார்.

வைத்த இடத்திலிருந்து பேசினுக்கு நாலைந்து அடி இருக்கும். நெருப்பு நிலத்தோடு நீலமாக ஓடியது. சத்தம் கூடப் பெரிதாக இல்லை. நான் அம்மாவைப் பிடித்து முற்றத்துப் பக்கம் இழுத்தேன். அவருடைய மகன் கிணற்றடியில் நனைந்து கிடந்த சாக்கைத் தூக்கி வந்து பேசினின் மேல் போட்டு மூடியதால் வீடு தப்பியது. அம்மாவின் கணுக்காலில் காயம். என் இடது கையில் இன்றும் தழும்பு இருக்கிறது. மருந்து கட்டிக்கொண்டிருக்கும்போது அவர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: “நான்தானே தம்பி விளக்கை வைச்சனான்.” அவர் செய்தது உபகாரம். மூடியில்லாத பேசினில் பெற்றோலை விட்டவன் நான். பொழுது படும் நேரத்தில் வேலையைத் தொடங்கியவனும் நான். அந்த வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்காதவனும் நான்தான். அவருக்கு இதை எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

மறுநாள் கராஜில் எனக்கு வேலை பழக்கிய அண்ணை என்னை ஏசவில்லை. இறுக்கமான மூடி உள்ள ஒரு கானையும் ஒரு புனலையும் கையில் தந்தார். இனி எந்த வீட்டுக்குப் போனாலும் இவை உன்னோடு வரவேண்டும் என்றார். அந்தக் கான் எத்தனையோ தரம் மாறிவிட்டது. ஆனால் கான் இல்லாமல் நான் போனதில்லை.

அதற்காக வீட்டில் கழற்றாதீர்கள் என்று நான் சொல்வதில்லை. கழற்றத்தான் வேண்டும். பல பைக்குகளில் தாங்கியை எடுத்தால்தான் வால்வுகளைச் சரிபார்க்கும் ரப்பெற் மூடிக்குக் கை போகும், தேய்ந்த வயரைப் பார்க்கலாம், கேபிள் போகும் பாதை தெரியும். தன் வண்டியின் உள்பக்கத்தை ஒருதரம் கண்டவர் கராஜுக்கு வந்தும் சரியாகச் சொல்வார், சரியாகக் கேட்பார். அப்படிப்பட்ட வாடிக்கையாளரோடு வேலை செய்வது எனக்கு விருப்பம்.

ஆகவே தொலைபேசியில் இப்படிச் சொல்வேன். காலையில் செய்யும், இயந்திரம் ஆறியிருக்க வேண்டும். பத்தியை விட்டு முற்றத்துக்கு வாரும், மரநிழல் போதும். குசினியில் அடுப்பு எரிகிறதா, தண்ணீர் மோட்டரை யாராவது போடப் போகிறார்களா என்று கேட்டு, வீட்டில் எல்லாருக்கும் சொல்லும். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். தண்ணீர் வேண்டாம், பெற்றோல் தண்ணீரில் மிதந்துகொண்டே எரியும். சீற்றைக் கழற்றி, பற்றறியின் நெகற்றிவ் வயரை முதலில் எடும். தாங்கிக்குக் கீழே பெற்றோலைத் திறந்து மூடும் கொக்கை மூடி, குழாயின் கிளிப்பைக் குறட்டால் தள்ளி, குழாயை மெல்லத் திருகிவிட்டு இழும். நேராக இழுத்தால் வெயிலில் காய்ந்த குழாய் வெடித்துவிடும். வெடிப்புக் கண்டால் அதைத் திரும்பப் போடாதேயும், புதிது வாங்கும். 12 லீற்றர் தாங்கி நிறைய இருந்தால் பெற்றோல் மட்டுமே 9 கிலோ வரும், அதனால் முதலில் கானுக்குள் இறக்கி மூடியை இறுக்கும். பிறகுதான் பின்பக்க போல்ற், பெரும்பாலும் 10ஆம் நம்பர். தாங்கியின் பின்புறத்தைச் சற்றுத் தூக்கினால் அடியில் பெற்றோல் மீற்றர் வயரை இணைக்கும் கப்ளரும் மூடியிலிருந்து வரும் வடிகுழாயும் தெரியும். அவற்றைக் கழற்றாமல் இழுத்துப் பிய்த்துக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முன்பக்கம் இரண்டு றப்பர்களில் செருகித்தான் இருக்கும், பின்னோக்கி இழுத்தால் வந்துவிடும். எடுத்ததைச் சீமெந்து நிலத்தில் வைக்காமல் பழைய ரயர் ஒன்றின் மேல் வையும்.

காபரேற்றர் இல்லாத புதிய பைக் என்றால் கதை வேறு. பம்ப் தாங்கிக்குள்ளேயே இருக்கிறது, குழாயில் அழுத்தம் நிற்கும். பம்பின் கப்ளரைக் கழற்றிவிட்டு, இயந்திரம் தானாக நிற்கும்வரை ஓடவிட்ட பிறகுதான் பற்றறிக்கும் குழாய்க்கும் கை வைக்க வேண்டும். முதல்தரம் என்றால் கராஜுக்குக் கொண்டுவாரும் என்றுதான் சொல்வேன்.

இன்னொன்று. வெறும் தாங்கி பயமில்லாதது என்று நினைக்கிறார்கள். நிறைந்த தாங்கிக்குள் காற்றுக்கு இடம் குறைவு. வடித்த தாங்கிக்குள் இருப்பதெல்லாம் ஆவியும் காற்றும். வெடிப்பது அந்தக் கலவைதான். ஓட்டை கண்டால் அடுத்த ஒழுங்கையில் வெல்டிங் செய்கிறவரிடம் நேரே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இதைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

2022 எனக்கு வேறொரு தாங்கிக் காலம். பெற்றோல் தட்டுப்பாட்டில் வரிசையில் நாள்கணக்காக நின்றோம். பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டி அளந்து வாங்கும் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். எத்தனையோ பைக்குகள் வெறும் தாங்கியோடும் பாதித் தாங்கியோடும் மாதக்கணக்கில் வீட்டில் நின்றன. பாதி வெறுமையான தாங்கிக்குள் இரவில் காற்றின் ஈரம் படியும், பெற்றோல் தொடாத மேற்பக்கம் துருப்பிடிக்கும். கடற்கரைப் பக்கம், குருநகர், பாசையூரிலிருந்து வந்தவை இன்னும் மோசம். அவற்றை வினாகிரி விட்டு ஒருநாள் இரண்டுநாள் ஊறவைத்து, பழைய நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, அப்பச்சோடாத் தண்ணீரால் கழுவி, உடனே வெயிலில் காயவைத்து எண்ணெய் சுற்றினோம். காயவிட்டுச் சாப்பிடப் போய் வந்தால் திரும்பத் துரு நிற்கும். இரும்பு அவ்வளவு விரைவாக மறக்கும்.

போன கிழமை ஒரு பெடியன் அழைப்பு எடுத்தான், பல்கலைக்கழக மாணவன், மானிப்பாய்ப் பக்கம். நான் சொன்னதெல்லாம் செய்தான். மரநிழல், மணல் வாளி, மூடிய கான் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினான். அடுப்பை மூட்டாமல் தாயார் வெளிவிறாந்தையில் இருந்து மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தது அந்தப் படத்தின் ஓரத்தில் தெரிந்தது. அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் திரும்ப எடுத்தான்.

“அண்ணை, எல்லாம் பூட்டிட்டன். ஆனா ஒரு றப்பரும் ஒரு சின்ன இரும்பு வளையமும் மிஞ்சிக் கிடக்கு.”

அது பின் போல்ற்றின் வளையம். அது இல்லாவிட்டால் போல்ற் தாங்கியின் தகட்டை நேரே நெரிக்கும், அதிர்வில் சில மாதங்களில் வெடிப்பு விழும்.

“திரும்பக் கழற்றும் தம்பி. முதல் கானை எடும்” என்றேன்.