மாத்திரை மலிவுதான், உள்ளே போக வேண்டுமே!

கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்குப் போனால், இரும்புச்சத்து மாத்திரை அட்டையை எடுத்து வரச் சொல்லித் திருப்பிப் பார்ப்பது என் வழக்கம். முதல் வரிசை காலியாக இருக்கும். அடுத்ததில் ஒன்றிரண்டு குறைந்திருக்கும். அதற்கப்புறம் பிரிக்காமல் அப்படியே. கேட்டால், "தினமும் போடுறேன் சிஸ்டர்" என்பார்கள்.

இவர்களைச் சோம்பேறி என்று திட்டுவதில் அர்த்தமில்லை. இரும்புச்சத்து மாத்திரை குமட்டும், மலச்சிக்கல் தரும், மலம் கறுப்பாகப் போகும். அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான் பயம். குழந்தைக்கு ஏதோ ஆகிறது என்று மாமியாரே நிறுத்தச் சொல்லிவிடுவார். உடம்பில் சேர்ந்தது போக மீதி இரும்புதான் அப்படி வெளியேறுகிறது என்பதை முதல் நாளே மாமியாரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டால் பாதித் தொல்லை தீரும். குமட்டலா, ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொண்டு படுங்கள். டீயோடு மட்டும் வேண்டாம், இரும்பை அது உடம்பில் சேரவிடாது. கால்சியம் மாத்திரையையும் வேறு வேளைக்குத் தள்ளிவிடுங்கள்.

இப்போது பல இடங்களில் பேசப்படும் பல சத்துகள் சேர்ந்த மாத்திரை எனக்குப் பிடித்திருக்கிறது. 1999-இல் யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம், ஐ.நா. பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து வகுத்த கலவை அது. 15 வைட்டமின்களும் தாதுக்களும் ஒரே மாத்திரையில். வெறும் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுப்பதைவிட, எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் இதனால் குறைகிறார்கள். 2021-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். ஆனால் அதில் இரும்பு 30 மில்லிகிராம்தான். ரத்தசோகை பரவலாக உள்ள ஊர்களில் 60 கொடுப்பது வழக்கம் என்பதால், இது போதுமா என்ற விவாதம் நியாயமானதே. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போன பெண்ணுக்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும். கால்சியமும் இதில் கிடையாது. ஆறு மாதத்துக்கான 180 மாத்திரை ஒரே பாட்டிலில் வருவதும் உண்டு. அட்டையைத் திருப்பிப் பார்க்கும் என் வித்தை அங்கே பலிக்காது, கொட்டி எண்ண வேண்டியதுதான்!

சத்துமாவு வேறு கதை. மாத்திரையில் யாரும் பங்கு கேட்பதில்லை. மாவு இனிப்பாக இருந்தால் மூத்த பிள்ளை கேட்கும், எந்தத் தாய் இல்லை என்பாள்? கர்ப்பிணிக்கென்று அளந்து கொடுத்த பொட்டலம் வீடு முழுக்கப் பங்காகிவிடும். "நீ மட்டும் சாப்பிடு" என்று உபதேசம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அதன் பங்கையும் சேர்த்துக் கொடுத்தால்தான் தாயின் பங்கு தாய்க்குப் போகும்.

அப்புறம் ஃபோலிக் அமிலம். குழந்தையின் தண்டுவடமும் மூளையும் உருவாகும் நரம்புக்குழாய் சரியாக மூட அது வேண்டும், ஆனால் கரு உண்டான 28 நாளுக்குள் குழாய் மூடிவிடுகிறது. பதிவு செய்ய வரும்போது பலருக்கு மூன்றாம் மாதம். அதனால் குழந்தைக்குத் திட்டமிடுகிற பெண்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். "இன்னும் விசேஷமே இல்லை, அதுக்குள்ள மாத்திரையா?" என்று சிரிப்பார்கள். மாமியார் எதிரில் இந்தப் பேச்சே எடுபடாது, தனியாகக் கூப்பிட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.