இருபது பூஜ்யங்கள்

ஷென்சென் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மின்னணுப் பொருள் நிறுவனம் ஒன்று 2023-ஆம் ஆண்டின் நடுவில் சிங்கப்பூரில் கிளை தொடங்கியபோது, அதன் கணக்கு மென்பொருளை இங்கு நிறுவித் தரும் குழுவில் நான் இருந்தேன். வெளிநாட்டில் முதலீடு செய்யும் சீன நிறுவனம் தேசிய வளர்ச்சி சீர்திருத்த ஆணையத்திலும் வணிக அமைச்சகத்திலும் பதிவோ அனுமதியோ பெற்று, வங்கி வழியாக அந்நியச் செலாவணிப் பதிவையும் முடித்த பிறகே பணம் எல்லை தாண்டும். எங்கள் வாடிக்கையாளரின் மூலதனமும் அந்த வரிசையில் நின்றுதான் வந்தது. மென்பொருளோ ஒரு கடவுச்சொல்லுடன் ஒரே பிற்பகலில் வந்துவிட்டது.

சீனாவில் அது நன்றாகவே ஓடிய மென்பொருள். அங்கே ஃபாப்பியாவ் எனப்படும் வரி விலைப்பட்டியல் அரசின் வரி அமைப்போடு இணைந்தது. அது இல்லாமல் ஒரு செலவை வரிக்கணக்கில் காட்டுவது கடினம் என்பதால், ஒவ்வொரு கொள்முதலுக்கும் அதன் எண்ணை மென்பொருளில் கட்டாயமாக்கியிருந்தார்கள். புதிய முழு மின்னணு ஃபாப்பியாவுக்கு 20 இலக்கம். சிங்கப்பூர் வணிகர் தரும் பில்லில் அப்படியொரு எண்ணே கிடையாது. நான் தலைமையகத்துக்கு மின்னஞ்சல் எழுதிவிட்டுக் காத்திருந்த நாட்களில், கணக்குப் பிரிவின் மூத்த அக்கா 20 பூஜ்யங்களை இட்டு முதல் பில்லை ஏற்றிவிட்டார். இரண்டாவது பில்லை, அந்த எண் ஏற்கெனவே உள்ளது என்று திரை மறுத்தது. அன்று முதல் கடைசி இலக்கத்தை ஒன்று, இரண்டு என்று கூட்டிக்கொண்டே போனார். எதுவரை வந்தோம் என்று குறித்து வைக்க ஒரு கோடு போட்ட நோட்டு. "அதுக்கு ஒரு நம்பர் வேணும், அவ்வளவுதானே தம்பி" என்றார்.

வரி விகிதத்திலும் இதே கதைதான். சீன மதிப்புக் கூட்டு வரியின் 13, 9, 6 விழுக்காடுகள் மட்டுமே பட்டியலில் இருந்தன. இங்கு அப்போது பொருள் சேவை வரி 8 விழுக்காடு. தொகையை ஒவ்வொரு முறையும் கையால் திருத்தினோம். 2024 ஜனவரி 1 அன்று சிங்கப்பூர் வரி 9 ஆனதும் சிக்கல் தீர்ந்ததாகத் தலைமையகம் குறித்துக்கொண்டது.

முத்திரை விஷயத்தில் என் எண்ணம்தான் மாறியது. சிங்கப்பூர்ச் சட்டம் 2017-லேயே நிறுவன முத்திரையைக் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டது. எங்கள் வாடிக்கையாளரின் அலுவலகத்திலோ டிங்டாக் என்ற சீன அலுவலகச் செயலியில் ஒப்புதல் கிடைத்த பிறகும் தாளை அச்சிட்டு, சிவப்பு வட்ட முத்திரையைக் குத்தி, ஸ்கேன் செய்து மீண்டும் ஏற்ற வேண்டும். முதலில் சிரித்தேன். சீனாவில் முத்திரையைக் கையில் வைத்திருப்பவரே நிறுவனத்தைக் கட்டுப்படுத்த வல்லவர் என்பது புரிந்தபோது, அதை வைத்துப் பூட்டிய இடத்தின் சாவியை ஷென்சென்னிலிருந்து வந்த மேலாளர் தம்மிடமே வைத்திருந்ததும், அவர் சீனப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போனபோது பட்டுவாடா நின்றுபோனதும் வேறு விதமாகத் தெரிந்தன. வெளியூரில் யாரை நம்புவது என்ற கேள்விக்கு மென்பொருளில் கட்டம் இல்லை.

2024 மார்ச்சில் தலைமையகப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்தார். ஃபாப்பியாவ் இல்லாத கொள்முதலை அவரால் கற்பனை செய்யவே முடியவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. என் மின்னஞ்சல்கள் அவருக்கு வெறும் புகாராகவே பட்டிருக்கின்றன. நோட்டை முதல் வாரமே படமெடுத்து அனுப்பியிருக்க வேண்டும். அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டியவர், அன்றிரவே அந்தக் கட்டாயத்தை நீக்கினார். பழைய பதிவுகளை என்ன செய்வது என்று அக்கா கேட்டார். அப்படியே இருக்கட்டும், தணிக்கையாளர் கேட்டால் நோட்டைக் காட்டுங்கள் என்றார்.