சாட்சி சொன்ன பிறகு

போர் முடிந்த 2009இல் என் மனதுக்கு எதுவும் நேரவில்லை. முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியேறி, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்து, மீள்குடியேறித் தறப்பாளுக்குக் கீழே பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுத்த அந்த ஆண்டுகளில் நான் ஒரு நாள்கூடப் படுத்துக் கிடந்தவள் அல்ல. நோய் வந்தது 2018இல், கிளிநொச்சிக்குத் தெற்கே வீட்டுத்திட்டத்தில் கட்டிய கல்வீட்டில் குடிபுகுந்து, இனிக் கதவைப் பூட்டிவிட்டு நிம்மதியாக உறங்கலாம் என்றான பிறகு. "எல்லாருக்கும்தானே செல் (எறிகணை) விழுந்தது, உமக்கு மட்டும் இப்ப என்ன வந்தது?" என்று உறவினர் ஒருவர் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். அதன் பிறகு விடியும்வரை நெஞ்சுக்குள் ஓர் இறுக்கம். செபமாலையைக் கையில் எடுத்தால் எந்த மறைபொருளில் நிற்கிறேன் என்பதே மறந்துபோகும். கிணற்றடிக்குத் தனியே போகப் பயந்தேன். ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பித்தவள் என்பதால், செபிக்க முடியாமற் போனதை நோயின் அறிகுறியாக அல்ல, பாவமாகவே எண்ணினேன். ஈசிஜி எடுத்துப் பார்த்து இதயத்தில் குறையில்லை என்று சொன்ன வெளிநோயாளர் பிரிவு வைத்தியர்தான் மனநலக் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தந்தார். ஊரில் அதற்கு விசர்க் கிளினிக் என்று பெயர். முதல்நாள் வாங்கில் இருந்தபோது குடையை விரித்து முகத்தை மறைக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

அங்கிருந்த வைத்தியர் அதிகம் பேசவில்லை. ஆனால் சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்டார். அதுவரை எவரும் கேட்காத அந்தக் கேள்விக்கு ஆம் என்று சொன்னதே எனக்குப் பாதிச் சுமை இறங்கியதுபோல் இருந்தது. (அப்படி எண்ணம் வருபவர்கள் கிளினிக் நாள்வரை காத்திருக்கத் தேவையில்லை, இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.) மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃபுளூவொக்ஸெட்டின் 20 மில்லிகிராம், காலையில் ஒரு குளிசை. முதல் இரண்டு வாரம் குமட்டலும் பதற்றமும் கூடலாம், பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் செல்லும், நன்றாக இருக்கிறது என்பதற்காக நீங்களாக நிறுத்தக் கூடாது என்று மூன்று விடயங்களைக் கிளினிக் கொப்பியிலும் எழுதித் தந்தார். முதல் இரண்டும் அவர் சொன்னபடியே நடந்தன. ஆறாவது வாரத்தில் ஒரு காலை, முற்றம் கூட்டிக்கொண்டிருக்கும்போது பசித்தது. பல மாதங்களுக்குப் பின் வந்த பசி அது.

மூன்றாவது விடயத்தில்தான் நான் தவறினேன். என் கணவரின் தங்கை ஒரு ஜெபக்கூடத்துக்குப் போகிறவர். என்மேல் உண்மையான அன்புள்ளவர் என்பதையும் சொல்ல வேண்டும். "மச்சாள், கர்த்தர் சுகம் தந்தபிறகும் குளிசை போடுறது அவரை நம்பாத மாதிரி" என்றார். மூன்று நாள் உபவாச ஜெபத்தின் முடிவில் நான் குளிசைகளை நிறுத்தினேன். ஒரு வாரம், இரண்டு வாரம், எதுவும் நேரவில்லை, தூக்கமும் வந்தது. மூன்றாவது வாரம் அந்தக் கூடத்தில் எழுந்து நின்று, மருந்தில்லாமல் சுகமானேன் என்று சாட்சி சொன்னேன். எனக்கு அப்போது தெரியாதது, ஃபுளூவொக்ஸெட்டின் உடலை விட்டு மிக மெதுவாக நீங்கும் மருந்து என்பதும், நிறுத்திய பின்னும் வாரக்கணக்கில் இரத்தத்தில் தங்கியிருக்கும் என்பதும். நான் சாட்சி சொன்ன அன்றும் மருந்து என் உடலில் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. இரண்டாவது மாதத்தில் அந்த மூன்று மணி விழிப்பு திரும்பி வந்தது. இம்முறை பொய்ச்சாட்சி சொன்னவள் என்ற குற்றவுணர்வும் கூடவே வந்தது.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், செபிக்க முடியாத பாவத்தையும் பொய்ச்சாட்சியையும் சொன்னேன். பங்குச் சுவாமி, முதலாவது பாவமே அல்ல, இரண்டாவதை நீ அறிந்து செய்யவில்லை, நாளைக்கே கிளினிக்குக்குப் போ என்றார். ஆசீருக்கு முன் சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். மருத்துவரை மதிக்க வேண்டும் என்றும், மருந்தை நிலத்திலிருந்து படைத்தவர் ஆண்டவரே, அறிவுள்ளவர் அதைப் புறக்கணிக்கமாட்டார் என்றும் அங்கே இருக்கிறது. அதை மச்சாளிடம் காட்டியபோது, "அந்தப் புத்தகம் எங்கடை வேதாகமத்திலை இல்லையே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவர் சொன்னதும் உண்மைதான், எங்கள் கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள அந்த நூல் அவர்களுடைய புரட்டஸ்தாந்து வேதாகமத்தில் இல்லை. ஆகவே இருவரிடமும் இருக்கும் எசாயா நூலைப் புரட்டினேன். தற்செயலாக அதுவும் 38ஆம் அதிகாரம். நோயுற்றுச் சாகக் கிடந்த எசேக்கியா அரசனுக்கு இன்னும் பதினைந்து ஆண்டு வாழ்வு உண்டு என்று ஆண்டவர் வாக்களித்துவிட்டார். அதற்குப் பிறகும் இறைவாக்கினர் எசாயா அத்திப்பழ அடையைப் புண்ணில் வைத்துக் கட்டச் சொல்கிறார். வாக்கை நம்பாததனாலா கட்டினார்கள் என்று கேட்டேன். மச்சாள் பதில் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு குளிசையைப் பற்றி அவர் பேசியதும் இல்லை.

வைத்தியர் ஏசவில்லை. நன்றாகத் தேறிய பின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், உங்களுக்குத் திரும்பி வந்ததால் இரண்டு வருடம் போடுவது நல்லது என்றார். மருந்து எல்லாவற்றையும் திருத்திவிட்டது என்று நான் எழுதினால் அதுவும் ஒரு பொய்ச்சாட்சியாகிவிடும். அடுத்த தவக்காலத்தில், இயேசுவின் பாடுகளை நினைந்து பாடும் பசாம் பாடும்போது சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் அழ, எனக்குக் கண்ணீர் வரவில்லை. உணர்வுகளைச் சற்று மங்கச் செய்வதும் இம்மருந்தின் இயல்பு என்று கிளினிக்கில் விளக்கினார்கள். இறந்தவர்களுக்காக அழ முடியாதது எனக்குப் பெரிய இழப்பாகவே இருந்தது. ஆனால் அவர்களுடைய பெயர்களைச் சொல்லி, ஐம்பத்துமூன்று மணியையும் இடைநிற்காமல் செபிக்க முடிந்தது.

ஒரு சிறு சந்தேகம் மட்டும் எஞ்சியிருந்தது. ஞாயிறு பூசை காலை ஆறரைக்கு. நற்கருணைக்கு முன் ஒரு மணிநேரம் எதுவும் உண்ணக் கூடாது. குளிசையும் அதே நேரத்தில். சுவாமியிடம் கேட்டேன். அந்த ஒழுங்கிலேயே தண்ணீருக்கும் மருந்துக்கும் விலக்கு எழுதியிருக்கிறது என்று அவர் சிரித்தார். அந்த இரண்டு வருடமும் ஞாயிறுகளில், குசினியில் நின்றபடியே ஒரு மிடறு தண்ணீருடன் குளிசையை விழுங்கிவிட்டுக் கோவிலுக்குப் புறப்பட்டேன்.