மறு உத்தரவு வரும் வரை

மலைப் பணிக்கான இன்சென்டிவ் மார்க்கை நம்பி பி.ஜி. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கப்போகும் சர்வீஸ் டாக்டர்கள், அதாவது அரசுப் பணியில் இருப்பவர்கள், முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். எப்போதாவது டைவர்ஷன் டியூட்டி (தற்காலிகமாக வேறு இடத்தில் வேலை) போட்டிருந்தால் அந்த ஆர்டரை எடுத்துக் கடைசி வரியைப் பாருங்கள். “மறு உத்தரவு வரும் வரை” என்று இருந்தால், அந்த மறு உத்தரவு காகிதமாகக் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் மேற்கொண்டு படியுங்கள்.

அரசு டாக்டர்களை எடுக்கும் எம்.ஆர்.பி. தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் கவுன்சலிங் எல்லாம் வழக்கம்போல. என் ரேங்குக்குக் கீழே, சமவெளியிலேயே இடம் இருந்தும் மலையைக் கேட்டேன். எந்த மலை என்று சொன்னால் எந்த அலுவலகம் என்பதும் தெரிந்துவிடும், வேண்டாம். “மார்க்குக்காகத்தானே போனே?” என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். ஆமாம், அதற்காகவும்தான். 1993-இல் தருமபுரி மாவட்டச் சிட்டிலிங்கியில் ஓலைக் கொட்டகையில் ஆஸ்பத்திரி ஆரம்பித்த ரெஜி ஜார்ஜ், லலிதா டாக்டர் தம்பதியைப் பார்த்துத்தான் எனக்கு மலை ஆசையே வந்தது. ஆனால் நான் அவர்கள் ரகமில்லை. எனக்குக் குழந்தை மருத்துவம் படிக்க வேண்டும், படித்துவிட்டு வேண்டுமானால் திரும்பி வருவேன். மார்க் கொடுத்தால்தான் டாக்டர் மலையேறுவார் என்று தெரிந்துதானே விதியே போட்டார்கள்?

தொலைதூர, கடினப் பகுதியில் பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் நீட் பி.ஜி.யில் எடுத்த மார்க்கில் 10 சதவீதம் வரை, மொத்தம் 30 சதவீதத்துக்கு மிகாமல் சேரும். அரசு டாக்டர்களுக்கு மாநிலங்கள் தனி ஒதுக்கீடு தரலாம் என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்ன பிறகு, போட்டி நமக்குள்ளேதான். அதில் இந்த மார்க் இல்லாவிட்டால் கேட்ட பிரிவு கிடைக்காது.

நான் மலையில் சேர்ந்தது 2020-இல். 2021 மே, இரண்டாவது அலை. அடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைக் கோவிட் மையமாக்கி, என்னை அங்கே டைவர்ஷன் போட்டார்கள். மேலே டாக்டர் கிடையாது. பிரசவக் காத்திருப்பு அறையில் மாதம் நெருங்கிய பெண்கள் படுத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் சண்டை பிடித்ததும், “நீங்க மேலயே போயிடுங்க டாக்டர், ஆர்டர் பின்னாடி வரும்” என்று போனில் சொன்னார்கள். போய்விட்டேன். ஆர்டர் வரவில்லை. அந்த நேரத்தில் யாருக்கு ஆர்டர் ஞாபகம்?

மூன்று வருடம் முடித்துப் பணிச் சான்று கேட்டபோதுதான் தெரிந்தது, காகிதத்தில் நான் இன்னும் கல்யாண மண்டபத்தில்தான் இருக்கிறேன் என்று. மலையில் முழுதாக ஒரு வருடம், அவ்வளவுதான் என்று வரைவு எழுதி வைத்திருந்தார் செக்‌ஷன் கிளார்க்.

“அந்த சென்டரே மூடியாச்சே சார். அங்க இப்ப முகூர்த்தம் நடக்குது.”

“அது எனக்கும் தெரியும் மேடம். பைல்ல மறு உத்தரவு இல்லையே?”

சம்பளம் மலையில்தானே வாங்கினேன் என்றேன். டைவர்ஷனில் இருந்தாலும் சம்பளம் சொந்த இடத்தில்தான் என்றார், அது சரிதான். வருகைப் பதிவேடு? “அது உங்க பொறுப்புல இருக்கிற நோட்டு. உங்களுக்கு நீங்களே சாட்சியா?” வட்டார மருத்துவ அலுவலர் சான்று தந்தால் பார்க்கலாம் என்றார். அப்போது இருந்தவர் மாறுதலில் போய்விட்டார். புதியவர் நல்ல மனிதர், டீ கொடுத்தார், “அப்ப நான் இங்க இல்லையேம்மா, எப்படிம்மா கையெழுத்து போடுறது?” என்றார். பழையவர் போனை எடுக்கவே இல்லை.

இதற்கிடையில் தபால் பிரிவில் என் மனுவைக் காணோம். மனு கொடுக்கும்போது நகலில் சீலும் தேதியும் கேட்டு வாங்குங்கள். முறைத்தாலும் வாங்குங்கள். என்னிடம் அது இருந்ததால்தான் “நீங்க கொடுக்கவே இல்லை” என்ற பேச்சு அன்றைக்கே முடிந்தது.

பிரசவப் பதிவேடுதான் முதலில் கை கொடுத்தது. அதை மலையை விட்டு இறக்கக் கூடாது, மேலே ஜெராக்ஸ் கடையும் இல்லை. ஸ்டாஃப் நர்ஸ் அக்கா பக்கம் பக்கமாகப் புரட்ட, போனில் படம் எடுத்தேன். ஜூன் மாதப் பக்கம் ஒன்றில் பீட்டாடின் கறை. கரண்ட் இல்லாத ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் எழுதியதால் வரி கோட்டைத் தாண்டி ஓடுகிறது: பெண் குழந்தை, 2.3 கிலோ, அழத் தாமதம், ஆம்பு பையால் மூச்சு கொடுக்கப்பட்டது. கீழே என் கையெழுத்து. “அந்தப் பாப்பா இப்ப பால்வாடி போகுது டாக்டர்” என்றார் அக்கா. ஒவ்வொரு தாய்க்கும் பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) இருக்கிறது, அது அரசு கணினியில் ஏறியது, பின்னால் எழுதிச் சேர்த்ததாக யாரும் சொல்ல முடியாது.

கிளார்க் எல்லாவற்றையும் பார்த்தார். “இதெல்லாம் நீங்க அன்னைக்கு மேல போய் வந்ததைக் காட்டுது மேடம். அங்கேயே வேலை பார்த்ததைக் காட்டலை.” அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எழுதினால் நன்றாக இருக்காது.

வழி காட்டியது எங்கள் மருந்தாளுநர். “இன்ஸ்பெக்‌ஷன் நோட்டைப் பார்த்தீங்களா மேடம்?” ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் எழுதிவிட்டுப் போகும் அந்த நோட்டு, அலமாரியில் காலாவதியான ஓ.ஆர்.எஸ். பெட்டிக்கு அடியில் கிடந்தது. அந்த இரண்டு வருடத்தில் மாவட்ட அதிகாரி பலமுறை மலையேறியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் முதல் வரி: “மருத்துவ அலுவலர் பணியில் இருந்தார்.” ஒரு இடத்தில் கழிப்பறை சுத்தமில்லை என்று என்னைத் திட்டியும் எழுதியிருக்கிறார். அந்தத் திட்டைப் படித்து இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

அந்தப் பக்கங்களைக் கிளார்க்கிடம் கொடுக்காமல் நேரே கண்காணிப்பாளர் மேஜையில் வைத்தேன். நான் மண்டபத்தில் இருந்தேன் என்றால் அதிகாரி மலையில் யாரைத் திட்டினார் என்று மட்டும் கேட்டேன். பைல் அன்று சாயங்காலமே உள்ளே போனது. முழு மூன்று வருடத்துக்கும் சான்று வந்தது. இனிஷியல் தப்பாக இருந்ததைத் திருத்தி வாங்கியது தனிக் கதை. கீழ்ப்பாக்கத்தில் பி.ஜி. சேர்க்கை நடத்தும் தேர்வுக்குழுவில் எந்தக் கேள்வியும் வரவில்லை.

ஆகவே, டைவர்ஷன் போட்டால் ரிலீவிங் ஆர்டர், திரும்பினால் ஜாயினிங் ரிப்போர்ட், வாய்மொழியாகச் சொன்னால் அன்றே “தங்கள் தொலைபேசி உத்தரவின்படி” என்று ஒரு மின்னஞ்சல். இன்ஸ்பெக்‌ஷன் நோட்டை மாதம் ஒருமுறை படம் எடுத்து வையுங்கள்.

மலைப் பணிக்குச் சம்பளத்தோடு தரும் மலைப்படியின் நிலுவை மட்டும் நிற்கிறது. டைவர்ஷன் காலத்துக்கு மலைப்படி கிடையாதாம், மலையில் இருந்ததற்குச் சான்று வேண்டுமாம். அவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அதே சான்றின் நகலைக் கொடுத்திருக்கிறேன், சீலும் தேதியும் வாங்கிக்கொண்டு.